கல்யாண வீட்டுச் சோதனை: நட்புப் பட்டியலைக் குறைக்க எந்தச் செயலி உதவுகிறது?

போனில் கேமரா எப்படி, பேட்டரி எத்தனை மணி நேரம் நிற்கும் என்று எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அதே போனுக்குள் வருஷக்கணக்கில் சேர்ந்துபோன ஆட்களை எப்படிக் குறைப்பது, குறைத்தால் அவர்களுக்குத் தெரியுமா, தெரிந்தால் எந்த வழியில் தெரியும் என்று தேடினால் உருப்படியாக ஒன்றும் சிக்கவில்லை. அதனால் நானே உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்ததை எழுதுகிறேன். வாட்ஸ்அப், பேஸ்புக் இரண்டும் விலாவாரியாக. லிங்க்ட்இன், இன்ஸ்டாகிராம் போகிற போக்கில்.

நான் திண்டுக்கல்–தேனி லைனில் பல வருஷம் மெடிக்கல் ரெப். வத்தலகுண்டு, பெரியகுளம், போடி, கம்பம் என்று பையைத் தூக்கிக்கொண்டு டாக்டர் வாசலில் நின்றவன். இப்போது ஒட்டன்சத்திரம் பக்கம் சொந்தமாக நாற்றுப் பண்ணை. நிழல்வலைக் கூடம், 98 குழித்தட்டு, தென்னைநார்க் கழிவு. தக்காளி, கத்திரி, மிளகாய் நாற்று. தொழில் மாறிவிட்டது, நம்பர் மாறவில்லை. ரெப் வேலையில் ஆள் பழக்கம்தான் சோறு போடும். டாக்டர், கம்பவுண்டர், மருந்துக்கடைக்காரர், ஸ்டாக்கிஸ்ட், அங்கே பில் போடும் பையன், போட்டிக் கம்பெனி ரெப் என்று எல்லோரையும் சேர்த்துக்கொண்டே போக வேண்டும். கழிக்கிற பேச்சே கிடையாது.

இன்றைக்கு அதன் பலன் என்னவென்றால், காலையில் போனைத் திறந்தால் ரோஜாப்பூ, சூரிய உதயம், முருகன் வேல், 'இந்த நாள் இனிய நாளாகட்டும்' என்று வரிசையாக இறங்குகிறது. அதற்கெல்லாம் கீழே எங்கோ, "அண்ணே, ரெண்டு ஏக்கருக்குக் கத்திரி நாத்து வேணும், எப்பக் கெடைக்கும்" என்று ஒரு விவசாயியின் குரல் பதிவு கிடக்கிறது. தக்காளி நாற்று 25 நாளில் தயாராகிவிடும். அதற்கு மேல் தட்டிலேயே நின்றால் நெட்டையாகிப் போகும். சரியான ஆளின் செய்தி சரியான நேரத்தில் கண்ணில் படுவது எனக்குப் பிழைப்பு.

"புது சிம் வாங்கிரு மாப்ளே, ஒரே நாள்ல முடிஞ்சிரும்" என்றார் மச்சான். அவருக்கென்ன. ஆதார், பேங்க், கேஸ், பிள்ளையின் பள்ளிக்கூடம் என்று ஓடிபி வருகிற இடமெல்லாம் இந்த நம்பர்தான். பண்ணை போர்டிலும் பில் புத்தகத்திலும் அதையே அச்சடித்தாகிவிட்டது. ஆக, அதே நம்பர், அதே கணக்கு, குறைந்த ஆட்கள். இதுதான் நான் செயலிகளிடம் எதிர்பார்த்தது.

மதிப்பெண் போட ஒரு அளவுகோல் வேண்டுமே. நான் வைத்துக்கொண்டது இது: ஒருவரைக் குறைத்த பிறகு, அவரையே ஒரு கல்யாண வீட்டில், பந்தியில் பக்கத்து இலையில் பார்க்க நேர்ந்தால், "என்னய்யா, என்னயத் தூக்கிட்டியாமே?" என்று கேட்பாரா மாட்டாரா? கேட்டால் அந்த வசதி ஃபெயில். இந்தச் செயலிகளைச் செய்தவர்கள் தொடர்பு என்றால் இரண்டு பேருக்கு நடுவில் ஓடும் ஒரு கோடு என்று நினைத்திருக்கிறார்கள். இங்கே சித்தப்பாவைத் தூக்கினால் அத்தைக்குத் தெரியும், அத்தைக்குத் தெரிந்தால் சம்பந்தி வீடு வரைக்கும் போகும். எங்கள் பக்கத்தில் நட்புப் பட்டியல் என்பது மொய் நோட்டு மாதிரி. வந்த மொய்யைத் திருப்பிச் செய்கிற வரைக்கும் யார் பெயரையும் அடிக்க முடியாது. (நாற்றுப் பண்ணைக்காரன், களையெடுப்பு என்று ஏதாவது எழுதுவான் என்று காத்திருப்பவர்கள் மன்னிக்கவும்.)

கை வைக்க வேண்டிய முதல் இடம் போன்புக். எல்லாச் செயலியும் அங்கிருந்துதான் ஆள் பிடிக்கின்றன. ரெப்பாக இருந்தவனின் போன்புக்கைப் பார்த்தால் சிரிப்பு வரும். 'மூட்டு டாக்டர் திண்டுக்கல்', 'மாடி கிளினிக்', 'மாடி கிளினிக் புது நம்பர்', 'கம்பவுண்டர் கண்ணாடி', 'பெரியகுளம் 2' என்று போகும். பெரியகுளம் 1 யாரென்று எனக்கே தெரியாது. கூகுள் கான்டாக்ட்ஸில் ஒரே ஆளின் இரட்டைப் பதிவுகளைக் கண்டுபிடித்துச் சேர்த்துவிடும் வசதி இருக்கிறது. அதை ஒரு தட்டுத் தட்டினாலே பட்டியல் பாதி மூச்சு விடும். அழித்த பெயர்கள் 30 நாள் குப்பைத் தொட்டியில் இருக்கும். அதற்குள் 'ஐயோ, அவர் வேணுமே' என்று தோன்றினால் மீட்டுக்கொள்ளலாம். கம்ப்யூட்டரில் திறந்து செய்தால் ஒரே சமயத்தில் பலரை டிக் அடித்து நீக்க முடிகிறது. இந்த விமர்சனத்தில் மொத்தமாக நீக்கும் வசதியைக் கௌரவமாகக் கொடுத்திருப்பது இது ஒன்றுதான். 10க்கு 8.

அதில் ஒரு பொறி உண்டு, கூகுளின் பிழையில்லை. வாட்ஸ்அப்பில் உங்கள் படத்தை 'என் கான்டாக்ட்டுகள் மட்டும்' பார்க்கலாம் என்று வைத்திருந்தால், போன்புக்கிலிருந்து ஒருவரை அழித்த உடனே அவருக்கு உங்கள் டிபி மறைந்துபோகும். சாம்பல் நிற உருவம் மட்டும் தெரியும். பார்த்தவர் என்ன நினைப்பார்? பிளாக் பண்ணிவிட்டான் என்றுதான். பந்தியில் கேள்வி உறுதி. நான் டிபியை எல்லோரும் பார்க்கலாம் என்று மாற்றிவிட்டு அதன் பிறகுதான் போன்புக்கில் கை வைத்தேன். படம் பண்ணை போர்டுதான், யார் பார்த்தால் என்ன. ஸ்டேட்டஸ் விஷயத்தில் இதே ஏற்பாடு நமக்குச் சாதகம். நீங்கள் அவர் நம்பரையும் அவர் உங்கள் நம்பரையும் சேமித்திருந்தால்தான் உங்கள் ஸ்டேட்டஸ் அவருக்குப் போகும். போன்புக்கைக் குறைத்தாலே ஸ்டேட்டஸ் பார்க்கிற கூட்டம் தானாகக் குறைந்துவிடும். ஸ்டேட்டஸ் வரவில்லையே என்று யாரும் சண்டைக்கு வந்து நான் பார்த்ததில்லை.

இனி வாட்ஸ்அப். தனி ஆட்களால் இங்கே பெரிய தொல்லை இல்லை, குரூப்தான் தொல்லை. ஒரு குரூப்பில் 1024 பேர் வரை சேர்க்கலாம் என்று 2022இல் ஆக்கிவிட்டார்கள். என்னிடம் பழைய டீம் குரூப், அந்த டீமில் மேனேஜர் இல்லாத குரூப், மேனேஜருக்குத் தெரியாமல் வைத்திருந்த இன்னொரு குரூப், பள்ளிக்கூட பேட்ச், காலேஜ் பேட்ச், பங்காளிகள், குலதெய்வக் கோயில் கமிட்டி, எப்போதோ முடிந்துபோன கல்யாணங்களின் குரூப் என்று ஒரு மாவட்டமே இருந்தது.

2022 ஆகஸ்டில் 'சத்தமில்லாமல் வெளியேறும்' வசதி வந்தது. அதற்கு முன்பெல்லாம் நாம் வெளியேறினால் 'இன்னார் வெளியேறினார்' என்று குரூப் நடுவில் தமுக்கடிக்கும். இப்போது அட்மினுக்கு மட்டும் தெரியும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நம் ஊர் குரூப்பில் அட்மின் என்பது ஒரு பதவியா, மரியாதையா? எங்கள் பங்காளிகள் குரூப்பில் பெரியப்பாவை அட்மின் ஆக்கினால் சித்தப்பாவை விட முடியாது, சித்தப்பாவை ஆக்கினால் மூத்த மருமகனை விட முடியாது. பாதிப் பேர் அட்மின். அங்கே சத்தமில்லாமல் வெளியேறுவது ஊர்க்கூட்டத்தில் எழுந்து போவதற்குச் சமம்தான். அது போக, வெளியேறியவர்களின் பட்டியல் குரூப் விவரத்தில் 60 நாளைக்கு இருக்கும். கீழே தள்ளிப் பார்க்கும் யாருக்கும் தெரியும். எங்கள் வீட்டில் அப்படித் தள்ளிப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். அட்மின் ஒருவர் மட்டும் இருக்கிற, ஆள் கூட்டம் அதிகமான குரூப்புக்கு இந்த வசதி பொருந்தும். ரெப் குரூப்புகளிலிருந்து இப்படித்தான் வெளியே வந்தேன், ஒருவரும் கேட்கவில்லை. உறவுக் குரூப்புக்கு இது ஆகாது.

அப்போ உறவுக் குரூப்புக்கு? ஆர்கைவ். அதாவது அந்த குரூப்பை முகப்புப் பட்டியலிலிருந்து எடுத்துத் தனியாக ஒதுக்கி வைப்பது. என் கணக்கில் வாட்ஸ்அப்பிலேயே சிறந்த வசதி இதுதான், ஆனால் பலர் இதைத் தொடுவதே இல்லை. முன்பு ஆர்கைவில் தள்ளினாலும் புதுச் செய்தி வந்த உடனே மேலே மிதந்து வந்துவிடும். 2021இல் அதை மாற்றினார்கள். இப்போது உள்ளே தள்ளினால் உள்ளேயே கிடக்கும். யாராவது உங்கள் பெயரைக் குறிப்பிட்டாலோ உங்கள் செய்திக்குப் பதில் போட்டாலோதான் மணி அடிக்கும். அதாவது ரோஜாப்பூ ஆயிரம் வந்தாலும் அமைதி. "காதுகுத்துக்குக் கெடா வெட்ட நீ வர்றியா இல்லையா" என்று பெயர் போட்டுக் கேட்டால் தெரிந்துவிடும். நீங்கள் உள்ளேயே இருக்கிறீர்கள், பெயர் பட்டியலில் இருக்கிறது, யாருக்கும் சந்தேகமில்லை. கல்யாண வீட்டுச் சோதனையில் முழு மதிப்பெண்.

அதோடு செய்ய வேண்டிய இன்னொன்று: அந்தந்த குரூப்புக்குள் போய், படங்கள் போன் கேலரியில் தெரிய வேண்டாம் என்று வைப்பது, செட்டிங்ஸில் படம், வீடியோ தானாக இறங்குவதை நிறுத்துவது. ஆர்கைவ் செய்துவிட்டு இதை விட்டுவிட்டால், குரூப் கண்ணில் படாது, ஆனால் அதன் படமெல்லாம் மகளின் பள்ளி விழாப் படத்துக்கு நடுவில் வந்து உட்காரும். ஸ்டோரேஜ் பகுதிக்குப் போனால் எந்த குரூப் எவ்வளவு இடத்தை விழுங்கியிருக்கிறது என்று வரிசையாகக் காட்டும். என் போனில் முதல் இடம் குலதெய்வக் கோயில் கமிட்டிக்கு. சாமி கண்ணைக் குத்திவிடும் என்று பயந்துகொண்டேதான் அழித்தேன்.

புதிதாக யாரும் இழுத்துப் போடாமல் இருக்க, ப்ரைவசி பகுதியில் 'குரூப்' என்று ஒன்று இருக்கிறது. 2019இல் வந்தது. என்னை யார் குரூப்பில் சேர்க்கலாம் என்று நாமே முடிவு செய்யலாம். 'என் கான்டாக்ட்டுகள், இவர்கள் தவிர' என்று வைத்து, குரூப் ஆரம்பிப்பதே தொழிலாக வைத்திருக்கும் ஆட்களை அந்தத் 'தவிர'வில் போடுங்கள். அவர்கள் சேர்க்க முயன்றால் நேரடியாகச் சேராது, அழைப்பு ஒன்று அனுப்பச் சொல்லும். அந்த அழைப்பு 3 நாளில் காலாவதி. கேட்டால், "பார்க்கலையே மாமா, போன்ல ஏதோ கோளாறு" என்று சொல்லித் தப்பிக்கலாம். பொய்தான். ஆனால் எல்லோரும் சொல்கிற பொய்.

பிளாக் பண்ணுவதைப் பற்றி ஒரு வார்த்தை. கடன் ஆப், லாட்டரி, 'வீட்டிலிருந்தே வேலை' கும்பலுக்கு மட்டும் அதைப் பயன்படுத்துங்கள். தெரிந்தவர்களிடம் வேண்டாம். ஒற்றை டிக், டிபி இல்லை, கடைசியாக வந்த நேரம் இல்லை என்று மூன்றையும் சேர்த்து வைத்துக் கண்டுபிடித்துவிடுவார்கள். அதிலும் நீங்கள் இருவரும் இருக்கிற குரூப்பில் ஒருவர் எழுதுவது மற்றவருக்குத் தெரிந்துகொண்டேதான் இருக்கும். சண்டை போட்டவரும் போடாதவரும் ஒரே திண்ணையில் உட்கார்ந்திருக்கிற நிலைமை. மொத்தத்தில் வாட்ஸ்அப்புக்கு 10க்கு 7, அதில் பெரும்பகுதி ஆர்கைவுக்காக.

பேஸ்புக் கதை வேறு. 5000 நட்பு வரை வைத்துக்கொள்ளலாம் என்பது விதி. அவ்வளவு தூரம் நான் போகவில்லை என்றாலும், கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்து வைத்திருந்தேன். பெயர் பார்த்தால் முகம் நினைவுக்கு வரவில்லை. முகம் பார்த்தால் எந்த ஊர் என்று தெரியவில்லை. இங்கே நட்பு நீக்கம் செய்தால் எதிராளிக்கு அறிவிப்பு எதுவும் போகாது. ஆனால் அவர் உங்கள் பக்கத்துக்கு வந்தால் 'நண்பராகச் சேர்' பொத்தான் கண்ணில் படும். கதை அங்கே முடிந்தது.

இந்த அறிவிப்பு விஷயத்தில் ஒரு பழைய சம்பவம் உண்டு, எனக்கு ரொம்பப் பிடித்தது. 2009 ஜனவரியில் அமெரிக்காவில் பர்கர் கிங் ஒரு விளம்பரம் செய்தது: பேஸ்புக்கில் 10 நண்பர்களை நீக்கினால் ஒரு பர்கர் இலவசம். நீக்கப்பட்டவருக்கு, 'பர்கருக்காக உங்களைக் கழற்றிவிட்டார்' என்று செய்தி வேறு போனது. சில நாளுக்குள் 2 லட்சத்து 30 ஆயிரத்துக்கும் மேற்பட்ட நட்புகள் காலி. நீக்குவதை எதிராளிக்குச் சொல்வது தங்கள் விதிக்கு ஒத்துவராது என்று பேஸ்புக் தலையிட, அந்த விளம்பரம் அதோடு நின்றது. ஒரு பர்கரில் பத்தில் ஒரு பங்குதான் ஒரு நண்பரின் விலை என்று அமெரிக்கர்கள் ஒப்புக்கொண்டார்கள். இங்கே அப்படி ஒரு பிரியாணிக் கடைக்காரர் ஆரம்பித்தால் சண்டை கடை வாசலிலேயே நடக்கும்.

பேஸ்புக்கில் உருப்படியான வசதி அன்ஃபாலோ. நட்பு அப்படியே இருக்கும், பட்டியலில் பெயர் இருக்கும், அவர் எழுதுவது மட்டும் நம் கண்ணுக்கு வராது. அவருக்குத் தெரிய வழியே இல்லை. தற்காலிகமாக வேண்டுமென்றால் 30 நாள் ஸ்னூஸ் போடலாம். தேர்தல் நேரத்துக்கும், யாராவது புதிதாகக் கார் வாங்கிய மாதத்துக்கும் இது போதும். செட்டிங்ஸில் ஃபீட் (பேஸ்புக்கைத் திறந்ததும் வரிசையாக வரும் பதிவுகள்) சம்பந்தப்பட்ட இடத்தில் எல்லார் பெயரையும் வரிசையாகக் காட்டி, ஒவ்வொருவராகத் தட்டி அன்ஃபாலோ செய்ய ஒரு பக்கம் இருக்கிறது. பின்னால் மனசு மாறினால் திரும்பச் சேர்த்துக்கொள்ளவும் இடம் உண்டு. ராத்திரி மோட்டார் போட்டுவிட்டுத் தண்ணீர் நிறையக் காத்திருக்கும் நேரத்தில் செய்தேன், விரல்தான் வலித்தது.

ஏன் ஒரே தட்டில் எல்லோரையும் அன்ஃபாலோ செய்ய முடியாது? முடிகிற மாதிரி ஒருவர் செய்துகாட்டினார். லூயி பார்க்லே என்ற பிரிட்டன்காரர் பிரவுசரில் சேர்க்கக்கூடிய ஒரு சின்ன நிரல் எழுதினார். நண்பர்கள், குரூப்புகள், பக்கங்கள் எல்லாவற்றையும் அது ஒரே மூச்சில் அன்ஃபாலோ செய்துவிடும், ஃபீட் வெறிச்சென்று ஆகிவிடும். 2021இல் பேஸ்புக்கின் வக்கீல் நோட்டீஸ் வந்தது, அவருடைய கணக்கையும் முடக்கினார்கள், அவர் அதை விலக்கிக்கொண்டார். 2024இல் அமெரிக்கப் பேராசிரியர் ஈதன் ஜுக்கர்மேன் (பேரைப் பார்த்துக் குழம்ப வேண்டாம், பேஸ்புக் முதலாளி ஜுக்கர்பெர்க் வேறு, இவர் வேறு) அதே மாதிரி ஒன்றை வெளியிட உரிமை கேட்டு, பேஸ்புக்கின் தாய்க் கம்பெனியான மெட்டா மீது வழக்குப் போட்டார். நிரலே இன்னும் தயாராகவில்லை, அதற்குள் வழக்கா என்கிற ரீதியில் அந்த ஆண்டு நவம்பரில் கோர்ட் தள்ளுபடி செய்தது. ஃபீட் காலியானால் விளம்பரத்தை எங்கே வைப்பார்கள்? ஒவ்வொருவராகத் தட்ட வைப்பது ஏன் என்பதற்கு எனக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

அன்ஃபாலோவில் ஒரு குறை. வசதியில் இருக்கிற குறை என்று சொல்ல முடியாது, மனிதர்களிடம் இருக்கிற குறை. நீங்கள் அன்ஃபாலோ செய்தது யாருக்கும் தெரியாது. நீங்கள் லைக் போடாதது எல்லோருக்கும் தெரியும். மதுரையில் ஒரு வளைகாப்பில் மாமா பிடித்துக்கொண்டார். "பேரன் போட்டோ போட்டேன், ஊரே லைக் போட்டுச்சு, உன்னயக் காணோமே?" அவர் எண்ணி வைத்திருக்கிறார்! இதற்கும் பேஸ்புக்கில் வழி இருக்கிறது. 30 பேர் வரை 'ஃபேவரிட்ஸ்' என்று குறித்து வைத்தால் அவர்கள் எழுதுவது முதலில் வரும். கேள்வி கேட்கக்கூடிய மாமா, சித்தப்பா, மதினிகளை அதில் போட்டேன். பிடித்தவர்களுக்காக வைத்த பட்டியல், நான் பயப்படுகிறவர்களின் பட்டியலாக ஆகிப்போனது. வேலை நடக்கிறது.

'ரெஸ்ட்ரிக்டட்' என்ற இன்னொரு பட்டியல் இதற்கு எதிர்த்திசை. அதில் போட்டவர் நண்பராகவே நீடிப்பார், ஆனால் நீங்கள் நண்பர்களுக்கு மட்டும் எழுதுவது அவருக்குத் தெரியாது. பொதுவில் எழுதுவது மட்டும் தெரியும். பழைய வேலை சம்பந்தப்பட்டவர்களை, குறிப்பாக ஒரு காலத்தில் எனக்கு டார்கெட் கொடுத்தவர்களை, இதில் போட்டுவிட்டேன். நாற்று விலையைப் பொதுவில் போடுகிறேன், வீட்டு விஷயம் அவர்களுக்குப் போகாது. யாரும் கண்டுபிடித்ததாகத் தெரியவில்லை. 'டேக் எ பிரேக்' என்று ஒன்றும் இருக்கிறது. பிரிந்தவரின் பதிவுகள் நம் கண்ணில் அதிகம் படாமல் வைப்பதற்கு, காதல் முறிந்தவர்களுக்காக 2015இல் கொண்டுவந்தது. பங்குச் சண்டையில் பிரிந்த கூட்டாளிகளுக்கும் அப்படியே பொருந்தும், பேஸ்புக்காரர்களுக்குத்தான் அது தெரியாது. பழைய படங்கள் 'நினைவுகள்' என்று எழுந்து வருவதையும் ஆள்வாரியாக, தேதிவாரியாக மறைத்து வைக்கலாம்.

பட்டியலைத் தள்ளிக்கொண்டே போனபோது பெரியகுளத்து மருந்துக்கடை அண்ணன் ஒருவர் பெயர் வந்தது. அவர் இறந்து வருஷங்கள் ஆகின்றன. பிறந்தநாளுக்குப் பிறந்தநாள் பேஸ்புக் ஞாபகப்படுத்துகிறது, விவரம் தெரியாத ரெப் பையன்கள் 'ஹேப்பி பர்த்டே ஜி' என்று எழுதிவிட்டுப் போகிறார்கள். அவர் மகனிடம் பேசினேன். இறந்ததற்கான சான்று கொடுத்து வீட்டார் கேட்டால், அந்தக் கணக்கை நினைவுக் கணக்காக மாற்றிக் கொடுப்பார்கள். பெயருக்குப் பக்கத்தில் அந்தக் குறிப்பு வரும், பிறந்தநாள் அறிவிப்பு நின்றுவிடும், பழைய படங்கள் இருக்கும். அவரை நான் பட்டியலிலிருந்து எடுக்கவில்லை. வாங்காத மருந்துக்கும் ஆர்டர் போட்டு மாசக் கடைசியில் என்னைக் காப்பாற்றியவர்.

பேஸ்புக்குக்கு மதிப்பெண் 10க்கு 5. வசதிகள் நிறைய, எல்லாம் ஆறு அறை தாண்டி ஏழாவது அறையில். போதாததற்கு, நீக்கிய ஆளையே 'உங்களுக்குத் தெரிந்தவராக இருக்கலாம்' என்று திரும்ப நீட்டக்கூடும். போன்புக்கை அதற்குக் கொடுத்து வைத்திருந்தீர்களானால் அந்தப் பதிவேற்றத்தை நிறுத்தி, ஏற்கெனவே ஏற்றியதையும் அழித்துவிடுங்கள்.

லிங்க்ட்இன்னில் ரெப் காலத்துத் தொடர்புகள் மட்டும் இருந்தன. ஒருவரை நீக்கினால் அவருக்கு அறிவிப்பு போகாது. ஆனால் அவர் பக்கத்துக்குப் போய் நீக்கினீர்கள் என்றால், 'உங்கள் பக்கத்தை இன்னார் பார்த்தார்' என்று அவருக்குச் செய்தி போக வாய்ப்பிருக்கிறது. ஆர்வமாக வந்து பார்ப்பார், தொடர்பு அறுந்திருக்கும். என்ன ஒரு வடிவமைப்பு! அதனால் அவர் பக்கத்துக்கே போகாமல், உங்கள் தொடர்புப் பட்டியலைத் திறந்து அங்கேயே நீக்குங்கள். இன்னொன்று, அவர் உங்களுக்கு எழுதிக்கொடுத்த பரிந்துரை ஏதும் இருந்தால் நீக்கும்போது அதுவும் போய்விடும். பிறகு சமாதானமாகித் திரும்பச் சேர்ந்தாலும் வராது. வேலை தேடும் உத்தேசம் உள்ளவர்கள் அங்கேயும் அன்ஃபாலோவோடு நிறுத்திக்கொள்வது நல்லது. எனக்கு அந்த உத்தேசம் இல்லை, கை நடுங்காமல் நீக்கினேன்.

இன்ஸ்டாகிராம் எனக்கு அக்கா மகள் சொல்லிக்கொடுத்தது. "மாமா, உங்க ஆளுங்க எல்லாம் சண்டை போட்டுட்டுத் தூக்குவாங்க, நாங்க தூக்காமயே தூக்கிருவோம்" என்றாள். உண்மைதான். நம்மைத் தொடர்பவரை அவருக்குச் சொல்லாமலே எடுத்துவிடலாம். 'ரெஸ்ட்ரிக்ட்' போட்டால் அவர் நம் படத்தில் எழுதும் கமென்ட் அவர் கண்ணுக்கு மட்டும் தெரியும். ஊருக்கே சொல்லிவிட்ட திருப்தியில் அவர் போய்விடுவார். யாரோடு நாம் குறைவாகப் பழகுகிறோம் என்று அதுவே ஒரு பட்டியலும் போட்டுக் காட்டும், அங்கிருந்து ஆரம்பிக்கலாம். முழு ஊருக்கும் காட்ட வேண்டாததைக் 'க்ளோஸ் ஃப்ரெண்ட்ஸ்' வட்டத்துக்கு மட்டும் போடலாம். கல்யாண வீட்டுச் சோதனையைப் புரிந்துகொண்டு செய்த மாதிரி இருக்கிறது. 10க்கு 8. என் வயசு ஆட்கள் அங்கே அதிகம் இல்லை என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

'ஒரே கிளிக்கில் எல்லா நண்பர்களையும் நீக்குங்கள்' என்று சுற்றும் ஆப், எக்ஸ்டென்ஷன் பக்கம் போகாதீர்கள். நான் பார்த்த ஒன்று, எல்லா இணையதளங்களிலும் நான் செய்வதைப் படிக்க அனுமதி கேட்டது. அதே பிரவுசரில்தான் பேங்கும் இருக்கிறது. மூடிவிட்டேன்.

பண்ணைக்கு என்ன லாபம் என்று கேட்டால், விவசாயிகளை ஊர்வாரியாகப் பெயர் போட்டுப் போன்புக்கில் புதிதாகப் பதிந்துகொண்டேன். நாற்று தயாரான தேதியையும் விலையையும் வாட்ஸ்அப் பிராட்காஸ்ட்டில் அனுப்புகிறேன். ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம், ஆனால் நம் நம்பரை அவர்கள் சேமித்து வைத்திருந்தால்தான் போய்ச் சேரும். அதனால் பில் கொடுக்கும்போதே, "நம்பரைப் பதிஞ்சுக்கங்கண்ணே" என்று சொல்லி, பதிகிற வரைக்கும் நின்று பார்க்கச் சொல்லியிருக்கிறேன் பண்ணையில் இருக்கிற தம்பியிடம். இது குரூப் கிடையாது என்பதால் ஒருவர் போடும் ரோஜாப்பூ இன்னொருவருக்குப் போகாது, எனக்கு மட்டும்தான் வரும். அதை ஏற்றுக்கொள்கிறேன், வாடிக்கையாளர் ஆயிற்றே.

எந்தச் செயலியும் தீர்க்காத ஒன்று மிச்சம் இருக்கிறது. கல்யாணத்துக்கு என்று ஆரம்பித்து, கல்யாணம் முடிந்தும் முடியாத குரூப். வேன் எத்தனை மணிக்கு, யார் யார் எந்த ரூம் என்பதற்காகத் தொடங்கியது. இப்போது அதில் பொண்ணு மாப்பிள்ளை இருவருமே பேசுவதில்லை. சமையல்காரர் கேட்டரிங் விளம்பரம் போடுகிறார், மாப்பிள்ளையின் பெரியம்மா மூட்டு வலிக்குக் கைவைத்தியம் அனுப்புகிறார். அட்மினான மாப்பிள்ளையின் தம்பி துபாயில் இருக்கிறார், அவருக்கு இதைக் கலைக்க மனசில்லை. குரூப் ஆரம்பிக்கும்போதே 'மறுவீடு முடிந்ததும் கலையும்' என்று தேதி போட ஒரு வசதி கொடுத்தால் வாட்ஸ்அப்புக்கு இன்னும் ஒரு மதிப்பெண் கூட்டிப் போடத் தயார். அதுவரைக்கும் ஆர்கைவ்தான். நேற்றுகூட அந்தப் பெரியம்மா என் பெயரைக் குறிப்பிட்டே கேட்டிருந்தார், மணியும் அடித்தது: "தம்பி, நீங்க மருந்துக் கம்பெனியிலதான இருந்தீங்க, இந்த மாத்திரை சாப்பிடலாமா?"